இலக்கியச் செலவு



'இலக்கியச் செலவு' என்று இச்சொற்பொழிவிற்குத் தலைப்பு எழுதிக் கொடுத்தேன். அழைப்பிதழை அச்சிடக் கொண்டு சென்ற நண்பர் திரும்பி வந்து, "ஐயா, இது சங்கத்தின் வரவு செலவைப் பற்றிய பேச்சா?" என்று வினவினார். செலவு என்னும் சொல்லுக்குப் பயணம் என்பதே பழைய பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாடிய முகம் கண்டு தன் புறப்பாட்டைத் தள்ளி வைப்பதைச் 'செலவழுங்கல்' என்று அகப்பொருள் நூலோர் வழங்கினர். கையிலுள்ள காசு புறப்பட்டுப் போவதை அச்சொல் குறித்தது பிற்காலத்தில்தான். இன்று யான் பேச வந்த செய்திக்கு அவ்விரு பொருளும் பொருந்தும். பயணமும் உண்டு, காசும் உண்டு, சில வீடுகளில் அழுங்கலும் உண்டு.

நம் காலனியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுள் ஆங்கில இலக்கியம் பயில்வோர் சிலர் உளர். இந்நகரத்துக் கல்லூரிகளும் பிற நகரத்துக் கல்லூரிகளும் இப்போது தம் மாணவரையும் ஆசிரியரையும் ஒரு குழுவாக்கி, இரண்டு வாரம் இங்கிலாந்துக்கு அனுப்பும் திட்டங்களை வகுக்கின்றன. கவிஞர் பிறந்த ஊர், நாடகம் நடந்த அரங்கு, புதினம் எழுந்த மேட்டுநிலம் ஆகியவற்றைக் காட்டி வருவதே அத்திட்டங்களின் நோக்கம். கட்டணமோ இலட்சக் கணக்கில் வருகிறது. ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் பெற்றோர் என்னை நாடி வந்து கேட்கிறார்கள்: "இது படிப்பா, ஊர் சுற்றலா?" மகனுக்காக வந்தவர் இவ்வொரு கேள்வியோடு நிற்பார். மகளுக்காக வந்தவர் இரண்டாவது கேள்வி ஒன்றையும் மெல்லிய குரலில் சேர்த்துக்கொள்வார்: "பெண்ணுக்கு இது தேவையா?" இரண்டு கேள்விக்கும் விடை கூறவே இம்மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

படிப்பாகவும் இருக்கலாம், ஊர் சுற்றலாகவும் முடியலாம் என்பதே முதற் கேள்விக்கு விடை. எது எவ்வாறு ஆகும் என்பதைச் சில ஊர்களைக் கொண்டு விளக்குவேன்.

ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டிலிருந்து தொடங்குவோம். எல்லாக் குழுக்களும் முதலில் ஓடும் ஊர் அதுதான். 1564இல் அவர் பிறந்ததாகக் கொள்ளப்படும் ஹென்லித் தெரு வீடு, 1847இல் ஏலத்துக்கு வந்தபோது மக்கள் திரட்டிய நிதியால் வாங்கப்பட்டு இன்றளவும் காக்கப்படுகிறது. ஆனால் அவர் பொருளீட்டிய பின் 1597இல் வாங்கி வாழ்ந்து, 1616இல் உயிர் நீத்த 'நியூ பிளேஸ்' என்னும் வீட்டைத் தேடினால், அங்கே ஒரு தோட்டந்தான் இருக்கிறது. வீடு என்னாயிற்று? 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதற்கு உரிமையாளராக இருந்தவர் கேஸ்ட்ரல் என்னும் பாதிரியார். ஷேக்ஸ்பியர் தம் கையால் நட்டது என்று சொல்லப்பட்ட முசுக்கட்டை மரம் ஒன்று அவர் தோட்டத்தில் நின்றது. அதனைக் காண வேண்டும் என்று நாள்தோறும் வழிப்போக்கர் கதவைத் தட்டினர். பொறுத்துப் பார்த்த பாதிரியார் 1756இல் மரத்தை வெட்டினார். பின்பு நகராரோடு வரித் தகராறும் மூளவே, 1759இல் வீட்டையே இடித்துத் தள்ளினார். அவ்வீடுதானும் 1702ஆம் ஆண்டளவில் புதுக்கிக் கட்டப்பட்டதே. வெட்டுண்ட மரத்தை வாங்கிய ஒருவர் அதில் பெட்டியும் சிமிழும் கடைந்து விற்றார். அம்மரத்தில் செய்தவை என்று விற்கப்பட்ட பொருள்களை எல்லாம் ஒன்று சேர்த்தால் ஒரு மரமன்று, ஒரு தோப்பே தேறும் போலும்!

நூலைப் படியாமல் வீட்டை மட்டும் காண வந்தோர் கூட்டம், அவ்வீட்டின் உடையவரை எவ்வளவு சினப்படுத்தியது என்பதற்காகவே இக்கதையைச் சொன்னேன். சினம் கொண்டவர் செய்தது கொடுமைதான். ஆயினும் இன்றும் எட்டு நாளில் ஒன்பது ஊர் என்று அச்சிட்டு வரும் திட்ட அட்டைகளைக் காணும்போது, அப்பாதிரியாரின் பக்கத்திலும் சிறிது நியாயம் உண்டோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இலண்டன் மாநகரில் மாணவர் காண வேண்டியவை பல. டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை குடியிருந்த டவுட்டித் தெரு வீடு ஒன்று. அவர் தந்தை கடனுக்காக 1824இல் அடைபட்டிருந்த மார்ஷல்சி சிறையில் எஞ்சி நிற்கும் சுவர் மற்றொன்று. இவற்றை விரிக்காமல், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள குளோப் அரங்குக்குச் செல்வோம்.

பழைய குளோப் 1599இல் எழுந்தது. 1613இல் ஒரு நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியின் பொறி கூரை வைக்கோலில் பற்றி, அரங்கம் எரிந்தது. அடுத்த ஆண்டே மீண்டும் கட்டினார்கள். 1642இல் நாடகங்கள் தடை செய்யப்பட்டன. இரண்டாண்டு கழித்து அரங்கையும் இடித்தார்கள். இன்று நாம் காண்பது சாம் வானமேக்கர் என்னும் அமெரிக்க நடிகரின் விடாமுயற்சியால், பழைய இடத்துக்குச் சிறிது தொலைவில் எழுப்பப்பட்டு 1997இல் திறக்கப்பட்ட புதிய குளோப். அது முடியும் முன்னரே, 1993இல் அவர் இறந்துவிட்டார். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் இலண்டனில் கூரை வேய்ந்த கட்டடம் எழுந்தது அதுவே முதல் முறை.

அவ்வரங்கின் நடுவில் வானம் பார்த்த முற்றம் உண்டு. ஏறத்தாழ 700 பேர் அங்கே நின்றுகொண்டே நாடகம் காணலாம். இருக்கை இல்லை, மழை பெய்தால் குடை விரிக்கவும் கூடாது. முற்றத்து நுழைவுச்சீட்டே எல்லாவற்றிலும் மலிவு. ஷேக்ஸ்பியர் காலத்தில் அதற்கு ஒரு பென்னி. நம் மாணவர்கள் பெரும்பாலும் அம்முற்றத்தில்தான் நிற்பார்கள்; அதுவே அவர்களுக்கு வாய்க்கும் பெரும்பேறு என்பேன். ஏன் என்று கூறுகிறேன்.

ஹாம்லெட் தனியே நின்று தன்னோடு பேசுவதை 'தனிமொழி' என்று வகுப்பில் கற்பிக்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்ட மாணவர் உள்ளத்தில் எழுவது, இருண்ட மேடையில் ஒற்றை விளக்கின் கீழ்க் கண் மூடி முணுமுணுக்கும் ஒருவனது உருவம். குளோப் அரங்கில் இருள் இல்லை. பகலொளியில் நடிகன் நம் முகத்தைக் காண்கிறான்; நாம் அவன் முகத்தைக் காண்கிறோம். தான் ஒரு கோழையோ என்று ஹாம்லெட் வினவும் இடம் வரும்போது, முற்றத்தில் நிற்கும் ஒரு மாணவனை நேரே நோக்கி நடிகன் கேட்கலாம். அக்கணத்தில் அது தனிமொழி ஆகாது. 700 பேர் நடுவில் கேட்கப்பட்ட வினா ஆகிவிடும். விடை சொல்லாமல் நிற்பது நமக்கே கூச்சமாக இருக்கும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஊராரைப் பார்த்துப் பேசுவதை இளமையில் கண்டவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது. ஆனால் வாளியும் விளக்குமாறும் வைக்கும் அறைக்குப் பக்கத்து வகுப்பறையில் உரைநூல் வைத்துக்கொண்டு படித்த பிள்ளைக்கு, நாடகத்தின் கட்டுமானமே அப்போதுதான் விளங்குகிறது. பின்பு அவர் எந்த நாடகத்தைப் படித்தாலும், இச்சொல் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று ஒருமுறை நின்று பார்ப்பார். மூன்று மணி நேரக் கால்வலிக்கு இது போதிய ஊதியம்.

இனி வடக்கே ஏரி நாட்டிற்குச் செல்வோம். வேர்ட்ஸ்வொர்த் 1799 டிசம்பரில் கிராஸ்மியர் என்னும் சிற்றூரில் குடிபுகுந்து 1808 வரை வாழ்ந்த 'டவ் காட்டேஜ்' அங்கே உள்ளது. அவருடைய டாபடில் மலர்ப் பாட்டைப் படியாத ஆங்கில மாணவர் நம் நாட்டில் இல்லை. அம்மலரைக் கண்டவரோ மிகச் சிலர். காவிரியைக் காணாமலேயே சிலப்பதிகாரத்துக் கானல்வரியை மனப்பாடம் செய்யும் நம் காலனிக் குழந்தைகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. போகட்டும். அம்மலரை அங்கே சென்றாவது காணலாம் என்றால், அதிலும் ஓர் இடர் உண்டு. அது மார்ச்சு இறுதியிலும் ஏப்ரலிலும் பூப்பது. நம் பல்கலைக்கழகங்களில் அப்போது தேர்வுக் காலம். தேர்வு முடிந்து மே இறுதியிலோ ஜூனிலோ செல்லும் குழு அங்கே காண்பது ஏரியும், கற்சுவரும், பச்சைப் புல்லும், மழையுமே. மலர் இல்லை.

மலர் இல்லாத காலத்தில் போய் என்ன பயன் என்று கேட்பீர்கள். அங்குள்ள காட்சியகத்தின் காப்பில் மலரினும் அரியது ஒன்று இருக்கிறது. கவிஞரின் தங்கை டாரதி எழுதிவந்த நாட்குறிப்பு அது. 1802 ஏப்ரல் 15ஆம் நாள், கடுங்காற்றில் அண்ணனும் தங்கையும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை வழியே வீடு நோக்கி நடந்தபோது அம்மலர்க் கூட்டத்தைக் கண்டனர். அன்று கண்டதை டாரதி எழுதி வைத்தார். சில மலர்கள் களைத்துப்போய்க் கல்லின் மேல் தலை சாய்த்தனபோல் கிடந்தன என்று அவர் குறிக்கிறார். ஏனையவை காற்றோடு சிரித்தாடின என்கிறார். கவிஞர் தம் பாட்டை எழுதியது இரண்டாண்டு கழித்து, 1804இல். அது நூலில் வெளிவந்தது 1807இல். பாட்டில் பேசுபவர் தனியே திரிந்தவராக வருகிறார். தங்கை மறைந்துவிட்டார்! களைத்த மலர்களும் மறைந்தன. எல்லா மலரும் ஆடுகின்றன. பாட்டின் இறுதியில், உள்ளத்தின் கண்ணைப் பற்றி வரும் புகழ்பெற்ற இரண்டு அடிகளோ, கவிஞரின் மனைவி மேரி கூறியவை என்று கவிஞரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நாட்குறிப்பும் பாட்டும் அச்சில் கிடைப்பவையே. அவற்றை ஒப்பிட்டுப் படிக்க இங்கிலாந்து செல்ல வேண்டியதில்லை என்று ஒருவர் கூறினால் யான் மறுக்கமாட்டேன். ஆனால் நடைமுறையில் யார் ஒப்பிடுகிறார்? தேர்வுக்குப் பாட்டு உண்டு, நாட்குறிப்பு இல்லை. தாழ்ந்த கூரையும் இருண்ட கூடமும் உள்ள அச்சிறு வீட்டுக்குள் நிற்கும்போதுதான், இங்கே ஒருவர் தனிமையில் வாழ்ந்திருக்க முடியாது, தங்கையும் பின்னர் மனைவியும் மக்களும் விருந்தினரும் நெருங்கி வாழ்ந்த இடம் இது என்பது உறைக்கிறது. அதன்பின் மாணவர் தாமே கேட்கிறார்: "பாட்டில் மட்டும் அவர் ஏன் தனியராகிறார்?" நல்ல ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றின் வித்து அக்கேள்வி.

இவ்விடத்தில் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு அம்மலர்ப் பாட்டைக் கற்பித்தும் அந்நிலத்தைக் காணாத ஆசிரியர்கள் நம் கல்லூரிகளில் மிகப் பலர். குழுவில் இத்தனை மாணவர் சேர்ந்தால் ஓர் ஆசிரியருக்குக் கட்டணம் இல்லை என்பது பயண ஏற்பாட்டாளர்களிடம் உள்ள வழக்கம். அந்த ஓர் இடம் யாருக்குக் கிடைக்கிறது? அந்நூலைக் கற்பிப்பவருக்குக் கிடைப்பதும் உண்டு. அலுவலகத்தில் செல்வாக்குள்ளவருக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. பின்னவர் சென்றால் காலையில் தலைகளை எண்ணுவார். மாலையில் பெட்டிகளை எண்ணுவார். இடையில் கடை வீதியைக் காட்டுவார். அமெரிக்க நாட்டில் மிடில்பரிக் கல்லூரியைச் சார்ந்த 'பிரெட் லோப்' ஆங்கிலப் பள்ளி என்று ஒன்று 1920இல் தொடங்கப்பட்டது. அங்கே கோடை விடுமுறையில் வந்து பயில்வோருள் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். 1978இல் அப்பள்ளி ஆக்ஸ்போர்டு லிங்கன் கல்லூரியிலும் கோடை வகுப்பு தொடங்கியது. பகலெல்லாம் பிறர்க்குக் கற்பித்தவர்கள் அங்கே தாமே நூலைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குச் சென்று, கட்டுரை எழுதித் திருத்தம் பெறுகிறார்கள். அயர்லாந்தில் சிலைகோ நகரத்தில் கவிஞர் யேட்ஸ் பெயரால் 1960 முதல் நடந்துவரும் கோடைப் பள்ளியும் இத்தகையதே. ஊரைக் காண்பது அவர்களுக்குப் பாடத்தின் ஒரு பகுதி. பாடத்துக்கு மாற்று அன்று. நம் குழுக்களில் ஆசிரியர் மாணவராக அமரும் வேளை ஒன்றேனும் உண்டா என்பதைப் பெற்றோர் கேட்க வேண்டும்.

இனி இரண்டாம் கேள்வி, பெண்மக்களைப் பற்றியது. அதற்கு ஹாவர்த் என்னும் ஊரில் விடை இருக்கிறது.

யார்க்ஷயர் மேட்டுநிலத்தின் விளிம்பில் உள்ளது அவ்வூர். சார்லட், எமிலி, ஆன் என்னும் பிராண்டி சகோதரியர் மூவரும் வளர்ந்த பாதிரியார் இல்லம் 1928 முதல் காட்சியகமாக விளங்குகிறது. அதன் முன்புற ஜன்னலைத் திறந்தால் எதிரே தெரிவது இடுகாடு. 1850இல் அவ்வூரின் நலவாழ்வு நிலையை ஆராய வந்த பாபேஜ் என்னும் அதிகாரி, அங்கே இறப்போரின் சராசரி வயது 26-க்கும் குறைவு என்றும், பிறந்தோரில் நூற்றுக்கு 41-க்கு மேற்பட்டோர் ஆறு வயது நிரம்புமுன் மடிகின்றனர் என்றும் எழுதினார். தந்தையாகிய பாதிரியார் தம் ஆறு மக்களையும் ஒருவர்பின் ஒருவராக இழந்து, 84ஆம் வயதில் 1861இல் இறந்தார். புதினங்களில் ஏன் இத்தனை சாவு என்று வகுப்பில் சிரிக்கும் மாணவர், அந்த ஜன்னலருகில் சிரிப்பதில்லை.

எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' புதினத்துக்கு மூலம் என்று சொல்லப்படும் 'டாப் விதன்ஸ்' என்னும் பாழ்வீடு மேட்டுநிலத்தின் உச்சியில் நிற்கிறது. அங்குச் செல்லும் வழிகாட்டிப் பலகைகளில் ஆங்கிலத்தோடு ஜப்பானிய எழுத்தும் உண்டு. அத்துணைத் தொலைவிலிருந்து அத்துணைப் பேர் வருகிறார்கள். ஏறிச் சென்றால், பிராண்டி சங்கத்தார் 1964இல் பதித்த கல் ஒன்று, இவ்வீடு முழுமையாக இருந்த காலத்திலும் புதினத்தில் வரும் வீட்டை ஒத்ததன்று என்று உண்மையைக் கூறிவிடுகிறது! வீடு பொருந்தவில்லை. காற்றும், மரமற்ற வெளியும், குரல் எட்டாத தொலைவும் பொருந்துகின்றன. அதைக் கண்டு வருவது போதும்.

சகோதரியர் தாமும் கல்விக்காகக் கடல் கடந்தவர்களே என்பது நம் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி. 1842இல் சார்லட்டும் எமிலியும் பிரஞ்சு மொழி பயிலப் பெல்ஜிய நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகருக்குச் சென்றனர். பணம் கொடுத்தவர் யார்? தாயை இழந்த அக்குழந்தைகளை வளர்த்த எலிசபெத் பிரான்வெல் என்னும் அம்மையார். தாய்க்கு மூத்தவர், நம் உறவுமுறையில் பெரியம்மா. உடன் சென்று பள்ளியில் விட்டு வந்தவர் தந்தை. அவ்வாண்டு இறுதியில் பெரியம்மா இறந்தார். அவர் விட்டுச் சென்ற பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டுதான் மூவரும் 1846இல் தம் முதற் கவிதை நூலை, ஆணோ பெண்ணோ என்று அறிய முடியாத புனைபெயர்களில் அச்சிட்டனர். விற்றவை இரண்டே படிகள். அடுத்த ஆண்டில் 'ஜேன் அயர்' வந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. பிரஸ்ஸல்ஸில் கற்றதும் பட்டதும் 1853இல் 'வில்லட்' என்னும் புதினமாயின. பெண்ணுக்கு இது தேவையா என்று கேட்ட தாய்மாருக்கு இதைவிட யான் என்ன சொல்ல வேண்டும்?

ஆக்ஸ்போர்டில் ஓர் இடத்தைச் சொல்லாமல் விட்டால் தமிழ்ச் சங்க மேடைக்கு நான் தகுதியற்றவனாவேன். வால்ட்டன் தெருவில் புனித செபல்கர் கல்லறைத் தோட்டம் உள்ளது. திருக்குறளை 1886இலும், நாலடியாரை 1893இலும், திருவாசகத்தைத் தம் 80ஆம் வயதில் 1900இலும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப் அங்கே துயில்கிறார். திருவாசகப் பணியை மேற்கொள்ளுமாறு அவரை ஊக்கிய பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவட்டும் அதே தோட்டத்தில்தான் அடக்கமாகியுள்ளார். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று போப்பின் கல்லில் பொறித்திருப்பதாக நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கல்லில் அச்சொற்கள் இல்லை. அவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்றும், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் அன்போடு இக்கல்லை நாட்டினர் என்றும் அதில் உள்ளது. 1908இல் இறந்த ஒருவருக்கு, கடல் கடந்த தமிழர் பணம் திரட்டிக் கல் நாட்டினர் என்னும் உண்மை, நாம் கட்டிய கதையைவிடச் சிறந்ததாக எனக்குப் படுகிறது. ஆக்ஸ்போர்டு செல்லும் குழுக்களின் திட்டத்தில் இத்தோட்டம் இருப்பதில்லை. நம் பிள்ளைகள் அரை மணி நேரம் கேட்டுப் பெற்றுச் சென்று வரலாம்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். இப்பயணத்துக்காக எவரும் நகையை அடகு வைக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் எட்டு ஊர் காட்டும் திட்டமாயின் கையில் பணம் இருந்தாலும் அனுப்ப வேண்டாம். என்ன நூல்களைப் படித்துவிட்டு வரச் சொல்கிறார்கள், ஓர் ஊரில் எத்தனை இரவு தங்குகிறார்கள், அந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர் உடன் வருகிறாரா, திரும்பிய பின் மாணவர் என்ன எழுதித் தர வேண்டும் என்று கல்லூரியாரைக் கேளுங்கள். தெளிவான விடை வந்தால் அது படிப்பு. விடுதியின் வசதியையும் உணவின் சிறப்பையும் பற்றியே விடை வந்தால் முடிவு உங்களுக்கே விளங்கும்.

தகுதியுள்ள பிள்ளைக்குப் பணம் இல்லாமற் போனால் என் செய்வது? பிராண்டிப் பெண்களுக்கு ஒரு பெரியம்மா இருந்தார். இக்காலனியில் நானூறு பேர் அமர்ந்திருக்கிறோம். ஆண்டுதோறும் விழாவுக்குத் திரட்டும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கினால், இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாணவியையோ மாணவனையோ, அல்லது பள்ளியில் ஆங்கிலமோ தமிழோ கற்பிக்கும் நம் ஆசிரியர் ஒருவரையோ அனுப்ப இயலும். அந்நிதிக்குப் 'பெரியம்மா நிதி' என்று பெயர் வைத்தால் எனக்கு மறுப்பில்லை. சென்று வருபவர் இதே மேடையில் ஒரு மணி நேரம் தமிழில் பேச வேண்டும். படித்த நூல்களைச் சங்க நூலகத்துக்குத் தர வேண்டும். இவ்விரண்டு நிபந்தனை போதும். செயற்குழு அடுத்த திங்கள் கூடுகிறது என்று செயலாளர் கூறினார். முதல் தொகையாக என் பங்கை இன்றே அவர் கையில் கொடுத்துவிட்டேன். பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.